உப்புப் பாத்தியிலிருந்து விண்வெளி உலை வரை: அப்துல் கலாம் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத பக்கம்

2007 ஜனவரி 22, காலை 9.46 மணி. ஸ்ரீஹரிகோட்டாவுக்கு கிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில், பாராசூட்டில் தொங்கியபடி ஒரு கூம்பு வங்கக் கடலில் வந்து விழுந்தது. எடை சுமார் 550 கிலோ. 12 நாள் பூமியைச் சுற்றிவிட்டு வந்திருந்தது. கடலோரக் காவல் படையும் கடற்படையும் போய் அதை மீட்டன.

உள்ளே இருந்தது ஒரு சின்ன உலை. எடையற்ற நிலையில் உலோகக் கலவையை உருக்கி, மறுபடி உறைய வைத்து, படிகம் எப்படி உருவாகிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. சுற்றுப்பாதைக்குப் போன ஒரு பொருளை இந்தியா பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவந்தது அதுதான் முதல் முறை. அந்தக் கலத்தின் பெயர் எஸ்ஆர்இ-1.

அந்த நாளில் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவர் ராமேஸ்வரம் மசூதித் தெருக்காரர், ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அந்தக் கலத்தை அவர் வடிவமைக்கவில்லை, அது இஸ்ரோ குழுவின் வேலை. ஆனால் விண்வெளியில் ஒரு படிகத்தை வளர்த்து எடுத்து வர வேண்டுமென்றால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரியணும். குறைந்த எடையில் மேலே போவது எப்படி? எரிந்து போகாமல் கீழே வருவது எப்படி? கலாமின் வேலை வாழ்க்கையில் பெரும்பகுதி இந்த இரண்டு கேள்விகளோடுதான் போனது.

ஏவுகணை, கனவு, மாணவர்கள் என்று கலாமைப் பற்றி நிறைய படித்திருப்பீர்கள். இந்தக் கட்டுரை அவர் கையாண்ட பொருள்களைப் பற்றியது.

முதலில் கொஞ்சம் அறிவியல்: உப்பளத்தில் என்ன நடக்குது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் வாலிநோக்கம் பக்கம் போனால் உப்பளங்களைப் பார்க்கலாம். கடல் நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காய விடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகிறது, உப்பு படிகமாகி அடியில் தங்குகிறது. படிகம் வளர்ப்பது என்றால் அடிப்படையில் இதுதான்.

ஆனால் அந்த உப்பை கையில் எடுத்துப் பாருங்கள். சின்னது, பெரிசு, ஒட்டிக்கொண்டது, உடைந்தது என்று எல்லாம் கலந்திருக்கும். ஏன்? வளரும் படிகம் தன்னைச் சுற்றியுள்ள கரைசலில் இருந்து உப்பை இழுத்துக்கொள்கிறது. உப்பை இழந்த அந்தக் கரைசல் கொஞ்சம் லேசாகி மேலே போகிறது. கனமான கரைசல் கீழே இறங்குகிறது. இப்படி ஓர் ஓட்டம் தொடர்ந்து நடக்கிறது. படிகத்தின் ஒரு பக்கத்துக்கு அதிக தீனி, இன்னொரு பக்கத்துக்குக் குறைவு. அதோடு படிகங்கள் கனத்தால் அடியில் மூழ்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன.

இந்தக் கலக்கம் எல்லாவற்றுக்கும் காரணம் புவியீர்ப்பு. சமையல் உப்புக்கு இது பிரச்சினையே இல்லை. ஆனால் மருந்து மூலக்கூறு, மின்னணு சாதனத்துக்கான குறைக்கடத்தி, கண்ணாடி இழை போன்றவற்றில் அணுக்களின் அடுக்கில் வரும் சின்னக் குறைகூட தரத்தைக் கெடுத்துவிடும்.

சரி, விண்வெளியில் என்ன மாறும்? அங்கே ஈர்ப்பே இல்லை என்று நினைப்பது தவறு. 400 கி.மீ. உயரத்திலும் பூமியின் ஈர்ப்பு தரையில் இருப்பதில் ஏறக்குறைய 90 சதவீதம் இருக்கிறது. சுற்றிவரும் கலம் பூமியை நோக்கி விழுந்துகொண்டே, அதே சமயம் வேகமாகப் பக்கவாட்டில் போய்க்கொண்டும் இருப்பதால் உள்ளே இருப்பவை எடையற்று மிதக்கின்றன. கனமானது கீழே, லேசானது மேலே என்ற பேச்சே அங்கே இல்லை. கரைசல் அமைதியாக இருக்கும். மூலக்கூறுகள் மெதுவாகப் பரவி வந்து, பொறுமையாக அடுக்கில் உட்காரும். இந்த நிலையைத்தான் மைக்ரோகிராவிட்டி என்கிறோம்.

கேட்க எளிதாக இருக்கு, இல்லையா? கஷ்டம் முழுக்க போவதிலும் வருவதிலும்தான்.

மரப்படகு செய்த அப்பா

கலாம் பிறந்தது 1931 அக்டோபர் 15. அப்பா ஜைனுலாப்தீன், அம்மா ஆஷியம்மா. ராமேஸ்வரத்தில் இருந்து தனுஷ்கோடிக்குப் போகும் யாத்ரீகர்களை ஏற்றிச் செல்ல அப்பா ஒரு மரப்படகு கட்டினார். உறவினர் அகமது ஜலாலுதீன் கூட நின்று வேலை பார்த்தார். இவர்தான் பின்னாளில் கலாமின் அக்கா ஜோஹராவை மணந்தவர். மரம் எப்படி வளைகிறது, எப்படி இணைகிறது, தண்ணீரில் எப்படி நிற்கிறது என்பதைச் சிறுவன் பக்கத்தில் இருந்து பார்த்தான். பிறகு ஒரு புயல் வந்து அந்தப் படகைக் கொண்டுபோய்விட்டது.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பது ரத்தானது. ஓடும் ரயிலில் இருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கி, உறவுக்கார அண்ணன் சம்சுதீனுக்கு உதவியதுதான் கலாமின் முதல் சம்பாத்தியம். அதற்கு முன்பு புளியங்கொட்டை பொறுக்கி விற்றதும் உண்டு.

ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி, அப்புறம் குரோம்பேட்டை எம்ஐடியில் விமானப் பொறியியல். எம்ஐடி கட்டணத்துக்கு வீட்டில் பணம் இல்லை. அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். விமானப்படையில் பைலட் ஆக வேண்டும் என்று டேராடூன் தேர்வுக்குப் போனார். இடங்கள் எட்டு, அவருக்குக் கிடைத்தது ஒன்பதாவது இடம்.

பைலட் ஆகியிருந்தால் இந்தக் கதையே வேறு.

தும்பாவில் நூலும் பசையும்

1960களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய் தொடங்கிய விண்வெளி முயற்சியில் கலாம் சேர்ந்தார். நாசா மையங்களில் பயிற்சி. திரும்பி வந்ததும் திருவனந்தபுரம் அருகே தும்பா. 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட், அமெரிக்காவில் இருந்து வந்த நைக்-அப்பாச்சி. அலுவலகம் ஒரு பழைய தேவாலயக் கட்டடம்.

அந்தக் காலத்தில் ராக்கெட் உடல் என்றால் உலோகம். கலாமும் அவரோடு வேலை பார்த்தவர்களும் ஆர்வம் காட்டிய ஒரு விஷயம் எஃப்ஆர்பி, அதாவது இழை சேர்த்து வலுவாக்கிய பிளாஸ்டிக். கண்ணாடியை நூலாக இழுத்து, ரெசின் என்ற பசையில் தோய்த்து, சுழலும் அச்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்ற வேண்டும். நூல் சுற்றும் ராட்டினம் மாதிரிதான். பசை இறுகியதும் ஒரு வலுவான குழாய் கிடைக்கும். இழை இழுவிசையைத் தாங்குகிறது. பசை அந்தச் சுமையை எல்லா இழைகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. தனித்தனியாக இரண்டும் பலவீனம். சேர்ந்தால் எஃகைவிட மிக லேசாக, அதற்கு ஈடான வலுவோடு நிற்கும்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்? ராக்கெட்டின் கடைசிக் கட்டம் செயற்கைக்கோளோடு சுற்றுப்பாதை வரைக்கும் போகிறது. அதன் உடலில் ஒரு கிலோ குறைந்தால், ஏறக்குறைய ஒரு கிலோ கூடுதலாகச் செயற்கைக்கோளில் வைக்கலாம். 40 கிலோ சுமக்கும் ராக்கெட்டில் 5 கிலோ மிச்சம் என்பது பெரிய விஷயம்.

அந்த ராக்கெட்தான் எஸ்எல்வி-3. உயரம் 22 மீட்டர், எடை 17 டன், திட எரிபொருளில் ஓடும் நான்கு கட்டங்கள். திட்டத்தின் தலைவர் கலாம். மேல் கட்டங்களின் உடல் இழைப் பொருளால் ஆனது.

317 நொடிகள்

1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்எல்வி-3 முதல் முறை கிளம்பத் தயார். கடைசி நிமிடங்களில் கணினி ஒரு கசிவைக் காட்டி எச்சரித்தது. கூட இருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, இருப்பு போதும், போகலாம் என்றார்கள். ஏவலாம் என்று முடிவெடுத்தவர் கலாம்.

முதல் கட்டம் சரியாக வேலை செய்தது. இரண்டாவது கட்டத்தில் கட்டுப்பாடு போனது. வால்வு ஒன்றில் சேர்ந்த அழுக்கால் அது மூடாமல் நின்று, கட்டுப்பாட்டு அமைப்புக்கு வேண்டிய அமிலம் முழுக்கக் கசிந்திருந்தது. கிளம்பிய 317-வது நொடியில் எல்லாம் கடலில். பல வருட உழைப்பு, நூற்றுக்கணக்கான பேரின் வேலை.

அன்று பத்திரிகையாளர்கள் முன்பு உட்கார்ந்து பொறுப்பை ஏற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். கலாமைக் கேள்விகளுக்கு முன்னால் தள்ளவில்லை. 1980 ஜூலை 18-ல் இரண்டாவது முயற்சி வென்று, 35 கிலோ ரோகிணி சுற்றுப்பாதையில் அமர்ந்தபோது, பத்திரிகையாளர்களைச் சந்திக்க தவன் அனுப்பியது கலாமை. இதைக் கலாம் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். எச்சரிக்கையை மீறிய முடிவு தன்னுடையது என்பதையும் அவர் மறைத்ததில்லை.

அந்த நான்காவது கட்டத்துக்கு இன்னொரு வாழ்க்கையும் கிடைத்தது. 1981 ஜூனில் ஐரோப்பாவின் ஏரியன் ராக்கெட்டில் போன இந்தியாவின் ஆப்பிள் செயற்கைக்கோளைத் தன் இடத்துக்குத் தள்ளிவிட்டது அந்த மோட்டார்தான்.

போவது பாதி, வருவது மீதி

1982-ல் கலாம் ஹைதராபாத்துக்கு, டிஆர்டிஓவின் ஏவுகணை ஆய்வகத்துக்கு மாறினார். 1983-ல் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. பிருத்வி, அக்னி, ஆகாஷ், நாக், திரிசூல் என ஐந்து ஏவுகணைகள். ஐந்தும் ஒரே மாதிரி வெற்றி பெறவில்லை. சில பல ஆண்டுகள் தாமதமாயின, திரிசூல் பின்னர் கைவிடப்பட்டது. வீரப்புகழ் பேசும் வீடியோக்களில் இது வராது.

அக்னியில்தான் இரண்டாவது கேள்வி எழுந்தது. வளிமண்டலத்துக்கு மேலே போன பொருள் மறுபடி உள்ளே வரும்போது, அதன் முன்னால் இருக்கும் காற்று ஒதுங்க நேரம் இல்லாமல் நசுங்கிச் சூடாகிறது. வெப்பம் ஆயிரக்கணக்கான டிகிரிக்குப் போகும். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். இரும்பு 1,538 டிகிரியில்.

தீர்வு கார்பன்-கார்பன் கலவை. கார்பன் இழையை நெய்து வடிவம் செய்து, அதற்குள் தார் அல்லது ரெசின் ஊற்றி, ஆக்சிஜன் இல்லாத உலையில் கருக்க வேண்டும். ரெசினும் கார்பனாக மாறும். நடுவில் நுண்துளைகள் விழும். மறுபடி ஊற்று, மறுபடி கருக்கு. இப்படிப் பல சுற்று, மாதக்கணக்கில். கிடைக்கும் பொருள் 2,000 டிகிரிக்கு மேலும் வலுவை விடாது.

இதை வெளிநாட்டில் வாங்கியிருக்கலாமே? முடியாது. 1987-ல் ஏழு நாடுகள் சேர்ந்து ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்கின. ஏவுகணை மட்டுமில்லை, அதைச் செய்யும் பொருள்கள், இழை சுற்றும் இயந்திரம் வரை பட்டியலில் இருந்தன. ஆகவே இங்கேயே செய்ய வேண்டிய கட்டாயம்.

1989 ஏப்ரலில் ஒரு முறை, மே மாதத் தொடக்கத்தில் ஒரு முறை அக்னி ஏவல் தள்ளிப்போனது. கேலிச் சித்திரங்கள் வந்தன. மே 22-ல் ஒடிசாவின் சாந்திப்பூரில் இருந்து கிளம்பியது. முதல் கட்டமாக இருந்தது எஸ்எல்வி-3யின் மோட்டார். கூம்பு வெப்பத்தைத் தாங்கியது.

3 கிலோவும் 300 கிராமும்

ஹைதராபாத்தில் நிம்ஸ் மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆய்வகத்துக்கு வந்தார். அங்கிருந்த லேசான கலவைப் பொருளைக் கையில் தூக்கிப் பார்த்தவர், கலாமைத் தன் வார்டுக்கு அழைத்துப் போனார். கலாம் பல மேடைகளில் சொன்ன நிகழ்வு இது.

வார்டில் போலியோ பாதித்த குழந்தைகள். காலில் உலோகத்தால் செய்த காலிப்பர், எடை 3 கிலோவுக்கு மேல். ஏற்கனவே வலுவிழந்த கால் அந்த இரும்பையும் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும். கலாம் குழு சில வாரங்களில் கலவைப் பொருளில் 300 கிராம் அளவில் காலிப்பர் செய்து கொடுத்தது. குழந்தைகள் நடந்தார்கள். சிலர் ஓடினார்கள். பெற்றோர் அழுதார்கள்.

தன் வாழ்க்கையின் பெரிய சந்தோஷங்களில் ஒன்றாகக் கலாம் இதைச் சொல்லிவந்தார். எஸ்எல்வி, அக்னியோடு ஒரே வரிசையில் வைத்தார். இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு பதிவானது 2011 ஜனவரியில். இன்று இருபதுகளில் இருக்கும் நமக்கு காலிப்பர் போட்ட வகுப்புத் தோழர் அரிது. நம் பெற்றோரைக் கேட்டால் ஒருவர் பெயராவது சொல்வார்கள்.

1990களில் ஹைதராபாத் இதய மருத்துவர் பி. சோம ராஜுவோடு சேர்ந்து, ரத்தக்குழாய் அடைப்புக்கான கலாம்-ராஜு ஸ்டென்ட் வந்தது. பாதுகாப்பு ஆய்வகத்தில் பழகிய உலோக அறிவு இதயத்துக்குப் போனது.

ஒரே பொருள், இரண்டு வேலை

இங்கதான் கொஞ்சம் நின்று யோசிக்கணும். அணுகுண்டைச் சுமக்கக்கூடிய ஏவுகணையின் மூக்கையும் ஒரு குழந்தையின் காலையும் ஒரே வகை அறிவு தாங்கியது. 1998 பொக்ரான் சோதனையில் முக்கியப் பங்கு வகித்தவரும் இவர்தான். இதை வைத்து அவரை விமர்சிப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த விமர்சனத்தை ஒதுக்கிவிட்டு காலிப்பர் கதையை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

இன்னொரு பக்கமும் உண்டு. ராணுவத்துக்குச் செலவழித்து உருவான பொருளறிவு மருத்துவமனைக்கும் தொழிற்சாலைக்கும் தானாக வந்து சேராது. யாராவது கையைப் பிடித்துக் கூட்டி வரணும். அந்த வேலையைக் கலாம் விடாமல் செய்தார். ஒய்.எஸ். ராஜனோடு சேர்ந்து 1998-ல் எழுதிய இந்தியா 2020 புத்தகத்தில், பொருள்களின் எதிர்காலத்துக்கே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

2007: உலை திரும்பிய நாள்

விண்வெளியில் பொருள்களை உருக்கிப் பார்ப்பது கலாம் காலத்துக்குப் புதிது அல்ல. 1973-ல் அமெரிக்காவின் ஸ்கைலாப் நிலையத்தில் படிகங்கள் வளர்த்தார்கள். 1984 ஏப்ரலில் சோவியத்தின் சல்யூட்-7 நிலையத்துக்குப் போன ராகேஷ் சர்மாவின் வேலைப் பட்டியலிலும் பொருள்களை உருக்கும் சோதனை இருந்தது. ஆனால் அது இன்னொரு நாட்டின் நிலையம்.

2007 ஜனவரி 10-ல் பிஎஸ்எல்வி-சி7 ராக்கெட்டில் எஸ்ஆர்இ-1 கிளம்பியது. இரண்டு சோதனைகள். ஒன்று, பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் பங்கேற்ற உலோகக் கலவை உலை. இரண்டாவது, ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் ஹைட்ராக்ஸிஅபடைட் சோதனை. பெயர் பயமுறுத்தினாலும் பொருள் நமக்கு நெருக்கமானது. நம் எலும்பிலும் பல்லிலும் இருக்கும் கனிமம் அது. உடல் எலும்பை உருவாக்கும் முறையைப் பின்பற்றி, எடையற்ற நிலையில் அதன் நுண் படிகங்களை உருவாக்கிப் பார்த்தார்கள்.

திரும்பும்போது கலத்தைக் காப்பாற்றியது, மூக்கில் கார்பன் இழையும் ரெசினும் சேர்ந்த கவசம், உடம்பில் சிலிக்கா ஓடுகள். நூலும் பசையும் என்ற அதே குடும்பம். ஏவுகணைக் கவசத்தை அப்படியே எடுத்துப் பொருத்தியது அல்ல இது. இஸ்ரோ தனக்கென்று உருவாக்கியது. ஆனால் இந்த வகைப் பொருள்களை இங்கேயே செய்ய முடியும் என்ற நம்பிக்கையைக் கட்டிய தலைமுறையில் கலாமும் ஒருவர். அதே ஆண்டு ஜூலையில் அவருடைய பதவிக்காலம் முடிந்தது.

இப்போ நிலைமை என்ன?

விண்வெளிப் படிகம் ஆய்வுக்கூடத்தைத் தாண்ட ஆரம்பித்திருக்கிறது. மெர்க் நிறுவனம் தன் புற்றுநோய் மருந்தின் படிகங்களை சர்வதேச விண்வெளி நிலையத்தில் வளர்த்தபோது, அவை சிறிதாகவும் ஒரே அளவாகவும் வந்தன. அமெரிக்காவின் வார்டா நிறுவனம் 2023-ல் ஒரு சிறு கலத்தை அனுப்பி, ரிட்டோனவிர் என்ற மருந்தை அங்கே படிகமாக்கி, 2024 பிப்ரவரியில் யூட்டா பாலைவனத்தில் இறக்கியது.

எல்லாப் பொருளும் மேலே போனால் சிறப்பாகிவிடாது. செலவும் மிக அதிகம். ஒரு கிராமுக்குப் பெரிய விலை கிடைக்கும் மருந்து, இழை, குறைக்கடத்தி போன்றவற்றுக்குத்தான் கணக்கு ஒத்துவரும். எவ்வளவு மலிவாக ஏற்றுவது, எவ்வளவு பத்திரமாக இறக்குவது என்பதுதான் இன்றும் கேள்வி. ராமநாதபுரத்துக்குத் தெற்கே, தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் சிறிய ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்கலாம்.

பேக்கரும்பு

2015 ஜூலை 27, ஷில்லாங் ஐஐஎம். மாணவர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோதே கலாம் சரிந்து விழுந்தார். வயது 83. ஜூலை 30-ல் ராமேஸ்வரம் பேக்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கே இருக்கும் நினைவிடம் 2017-ல் திறக்கப்பட்டது. பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ராக்கெட் மாதிரிகள் முன்பு செல்ஃபி எடுப்பார்கள். எடுங்கள், தப்பில்லை.

அப்படியே பாம்பன் கரைக்கும் ஒரு நடை போய்ப் பாருங்கள். கரையில் நிற்கும் நாட்டுப்படகுகளில் பல இப்போது மரம் இல்லை, பைபர். கண்ணாடி இழையும் ரெசினும். தும்பாவில் கலாம் குழு சுற்றிப் பழகிய அதே வகைப் பொருள். அவருடைய அப்பா மரத்தில் கட்டிய படகைப் புயல் கொண்டுபோன அதே கடலில்தான் தினமும் மீன் பிடிக்கப் போய்க்கொண்டிருக்கிறது.